எண்பது எழுத்துக்குள்

என் தொழிலில் எனக்கு இரண்டே இரண்டு பாராட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, தோட்ட நிர்வாகத்தின் முத்திரை குத்திய கடிதம். மற்றது, தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பஸ் நிறுத்தத்தில் என் காதுபடச் சொல்லப்பட்டது. இரண்டும் ஒரே வேலைக்காக. அந்த வேலைதான் என் அம்மாவின் தங்கையை, என் சித்தியை, அவள் முப்பது வருஷம் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றியது.

எண்பதுகளின் பிற்பாதியில் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்தேன். கீழே மோட்டார் சைக்கிள் டயர் விற்பார்கள், மேல்மாடியில் நாங்கள். படியேறும்போதே ரப்பர் நாற்றம் அடிக்கும். தோட்டத்தை விட்டு வந்தாலும் ரப்பர் என்னை விடவில்லை என்று நினைத்துக்கொள்வேன். முதலாளி ஒரு சீனத் தவுக்கே. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: "போலே ஜாலான்?" ஓடுமா, ஓடாதா. ஓடும் என்றால் வண்டியில் ஏற்றச் சொல்வார். ஓடாது என்றால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

விற்பனைக்கு என்று டை கட்டிய ஒருவன் இருந்தான். மெஷினை எங்கே அமுக்கினால் விளக்கு எரியும் என்பது அவனுக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. வாடிக்கையாளர்கள் அவனிடம்தான் கை குலுக்குவார்கள். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர் சொருகுகிற என்னிடம் ஒருவரும் குலுக்கியதில்லை. என் கையில் தூசி இருக்கிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் நாலு கிராணிகளுக்கு, அதாவது குமாஸ்தாக்களுக்கு, நாலு கம்ப்யூட்டர் என்று எந்த ஆபீஸும் வாங்காது. ஒன்றை வாங்குவார்கள். அதன் வயிற்றைத் திறந்து ஒரு சீரியல் கார்டைச் சொருகுவோம். கார்டுக்கு எட்டு வாய். ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு கேபிளை இழுத்து, அதன் முனையில் ஒரு டெர்மினலை வைப்போம். டெர்மினலுக்கு மூளை கிடையாது. ஒரு திரை, ஒரு தட்டச்சுப் பலகை, அவ்வளவுதான். எட்டுப் பேர் தட்டுவதையும் நடுவில் இருக்கும் ஒற்றை மெஷின் கேட்டுக்கொள்ளும்.

ஆனால் கார்டைச் சொருகியதும் மெஷினுக்குக் காது வந்துவிடாது. இந்தக் கார்டு யார், எந்த வாயில் என்ன வருகிறது, வந்ததை எங்கே பிடித்து வைத்து யாரிடம் கொடுப்பது என்றெல்லாம் அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்ல ஒரு நிரல் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். கார்டோடு ஒரு பிளாப்பி டிஸ்கில் வரும். கூடவே பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி, போட்டோஸ்டாட் எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் தேய்ந்து போனது. டிரைவரைச் சிஸ்டத்தோடு சேர்த்துக் கட்டி, மெஷினை அணைத்து, மறுபடி எழுப்ப வேண்டும். எழாவிட்டால் கார்டில் இருக்கும் பல்லளவு ஜம்பர்களைப் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஈப்போவில் இந்த வேலை தெரிந்தவர்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஒருநாள் தவுக்கே என்னைக் கூப்பிட்டு, ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் எட்டு வாய்க் கார்டு போட வேண்டும், நீயே போய் முடித்துவிட்டு வா, உங்கள் ஆட்கள்தானே என்றார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈப்போவிலிருந்து காம்பார் போகும் ரோட்டில் இடது பக்கம் ஒதுங்கும் அந்த மண்பாதையில்தான் நான் நடை பழகினேன். எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவுக்கு ஈப்போவில் வேலை கிடைத்து நாங்கள் வெளியேறினோம். சித்தி அங்கேயே இருந்துவிட்டாள். சித்தப்பா லோரி கவிழ்ந்து இறந்த பிறகு, பால்மரம் வெட்டி, ரப்பர் பால் சேர்த்தே மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள். பள்ளி விடுமுறை என்றால் எனக்கு, தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளான லயத்தில், அவள் வீடுதான். வாயாடி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள், ஏனென்றால் நான் வாய் திறக்காத பிள்ளை.

அத்தனை வாயாடியும் பெரட்டில் வாய் திறக்க மாட்டாள். யாருமே திறக்க மாட்டார்கள். வெளிச்சம் வருமுன் ஆபீஸுக்கு எதிரே வரிசையாக நிற்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். வேலை வாங்குகிற மேஸ்திரியான தண்டல், பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயரைக் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை உண்டு. கூப்பிடாவிட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. என் தாத்தா காலத்தில் கேட்டவனுக்கு மறுநாளும் வேலை இருக்காது. என் காலத்தில் கேட்டால் ஒன்றும் ஆகியிருக்காது; சங்கம் வந்துவிட்டது, சட்டமும் வந்துவிட்டது. இருந்தும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் வேலைக்குப் போன சமயம் தோட்டம் கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு பாதியில் ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை வைப்பார்களாம், மறுபாதி வீட்டுமனையாகுமாம். லயங்களை இடித்துவிடுவார்கள். நிரந்தரத் தொழிலாளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர்களுக்குத் தோட்டத்தின் கோடியில் கட்டிக்கொண்டிருந்த கல்வீடுகளில் ஒன்று கிடைக்கும். பெயர் இல்லாதவர்கள் கான்ட்ராக்ட் ஆட்களாம். அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்தப் பட்டியல் ஆபீஸில் இருந்த பழைய மெஷினில் கிடந்தது. பழைய மெஷினின் டிஸ்க், தோசைக்கல் அகலம். புதிய மெஷினில் நுழையாது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒரு சீரியல் வாய்தான். பழையதிலிருந்து ஒரு கேபிளை இழுத்துப் புதிய கார்டின் ஆறாவது வாயில் சொருகி, பட்டியலை வரிவரியாக இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு வரி. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை எண், டிவிஷன், வேலைக்குச் சேர்ந்த தேதி. இதுதான் என் வேலை.

முதல் நாள் அந்த ஆபீஸின் முன்படியில் நான் ஏறியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்தப் படியில் எங்கள் குடும்பத்தில் யாரும் ஏறியதில்லை. அப்பா சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் பெட்டியோடு, தேவைக்கு மேல் சத்தமாகச் செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். பெரிய கிராணி எனக்குச் சாசர் வைத்த கோப்பையில் கோப்பி கொண்டுவரச் சொன்னார். குடித்து முடிக்கும்வரை, வெளியே யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சித்தி வந்தாள். பால் எடை போட்டுவிட்டு, குளித்து, துவைத்த சேலை கட்டி, கேரியரில் சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். படிக்குக் கீழே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஆபீஸுக்குள் எனக்கு என்ன வேலை என்றாள். நான்தான் இறங்கிப் போனேன். கல்வீட்டைப் பற்றித்தான் பேசினாள். அடுப்படிக்கு உள்ளேயே பைப்பு வைத்திருக்கிறானாம், போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள். முப்பது வருஷம் லயத்துக் கோடியிலிருந்த பொதுக் குழாயில் வாளி வைத்து முறை போட்டவள் அவள். கல்வீடு என்பது அவளைப் பொறுத்தவரை அந்தப் பைப்புதான்.

போகிற நேரத்தில் கேட்டாள்: "அந்த வூட்டு லிஸ்ட்டும் இந்த மெஷின்லதான் வருதாமே?"

"ஆமா சித்தி."

"ஒன் கையாலயா?"

"என் கையாலதான்."

"அப்ப சரிலா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் "சரி"யை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கார்டு மூன்று நாள் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதல் நாள் மெஷின் எழவே இல்லை. இரண்டாம் நாள் எழுந்தது, ஆனால் கார்டு பிரிண்டரோடு மோதிக்கொண்டது. ஒன்று பேசினால் மற்றது ஊமையானது. ஜம்பரை மாற்றினேன். டிரைவரை மறுபடி கட்டினேன். வழிகாட்டியில் ஆறாவது பக்கம்வரை படித்தேன். மூன்றாம் நாள் காலையில் எட்டு வாயும் திறந்துவிட்டன. ஒவ்வொரு டெர்மினலிலும் உட்கார்ந்து என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் என் பெயர் நான்கே எழுத்து. நான்கும் அழகாகப் போய்ச் சேர்ந்தன. வேலை முடிந்துவிட்டது என்று வழிகாட்டியை மூடி வைத்தேன். அதில் இன்னும் ஆறு பக்கம் பாக்கி இருந்தது.

மத்தியானம் பட்டியலை இழுக்க ஆரம்பித்தேன். அதற்கு நானே சின்னதாக ஒரு நிரல் எழுதியிருந்தேன். மழைக்காலம். மூன்று மணி ஆனால் மலைப் பக்கத்திலிருந்து இடி உருண்டு வரும். இடி இடித்தால் நீளமான கேபிளில் குப்பை எழுத்துகள் வந்து விழும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நிரலில் ஒரு விதி வைத்தேன்: எண்ணும் அதை ஒட்டி ஒரு பெயருமாக ஆரம்பிக்கிற வரி என்றால் ஆள், எடுத்துக்கொள். வேறு எப்படி ஆரம்பித்தாலும் குப்பை, தள்ளிவிடு. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டுதான் அதை எழுதினேன்.

வரிகள் ஓடின. ஓடி முடித்ததும் திரையில் இரண்டு கணக்கு நின்றன. எடுத்துக்கொண்டவை இருநூற்றுச் சொச்சம். தள்ளியவை பதினொன்று. வெளியே நல்ல இடி. பதினொரு குப்பைதானே, இந்த இடிக்கு இது குறைவு என்று நினைத்தேன். பழைய மெஷினில் மொத்தம் எத்தனை பேர் என்று பெரிய கிராணியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை. அச்சடித்துக் கொடுத்தேன். வெளியே வந்த காகிதத்தை அவர் தடவிப் பார்த்து, கையால் எழுதினால் இரண்டு வாரம் ஆகும் என்றார். வேலைச் சீட்டில் "சோதித்துப் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கடைக்குத் திரும்பியதும் தவுக்கே கேட்டார், போலே ஜாலான்? போலே என்றேன். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. திறமையோடும் பொறுப்போடும் வேலை செய்து கொடுத்த உங்கள் ஊழியருக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் நாலு வரி. டை கட்டியவன் அதை வாங்கிப் படித்துவிட்டு என் கையைக் குலுக்கினான். ஜெலாப்பாங்கில் நான் வாடகைக்கு இருந்த அறையில் அதைச் சட்டம் போட்டு மாட்டினேன்.

தீபாவளிக்கு மறுநாள் பலகாரப் பையோடு தோட்டத்துக்குப் போனேன். ஐந்து மாதம் போகாமல் இருந்திருக்கிறேன். வேலை, வேலை என்று ஒரு சாக்கு. அம்மா இறந்த பிறகு எங்களுக்குள் சேதி சொல்லவும் ஆள் இல்லை. சித்தியின் லயத்தில் கூரைத் தகரத்தைக் கழற்றியிருந்தார்கள். அவள் வீட்டுக் கதவில் அவள் ஒட்டிவைத்திருந்த முருகன் படம் மட்டும் பாதி கிழிந்து நின்றது. கல்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சந்தோஷமாகவே கோடிக்கு நடந்தேன். அங்கே வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த, லயத்தில் சித்திக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்காதான் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தார். பலகாரப் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சித்தி தெலுக் இந்தானுக்கு மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது, உனக்குத் தெரியாதா என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"வூட்டு லிஸ்ட்ட தண்டலு பெரட்டுல வச்சிதான் படிச்சாரு தம்பி. ஒங்க சித்தி மொத வரிசையில நின்னாங்க. ஒவ்வொரு பேரா வந்துச்சு, அவுங்க பேரு வரல. கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்பறம் வாளிய தூக்கிட்டு போயிட்டாங்க."

"யாரும் ஏன்னு கேக்கலயா?"

"என்னான்னு கேக்குறது? கம்ப்யூட்டர்ல வந்த லிஸ்ட்டாச்சே," என்றார் அக்கா.

நேரே ஆபீஸுக்குப் போனேன். தீபாவளி விடுமுறையானாலும் பெரிய கிராணி இருந்தார். பழைய மெஷின் மூலையில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. பழைய இரும்புக்காரன் வந்து தூக்குவதற்காகக் காத்திருந்தார்கள். அதை மறுபடி எழுப்பி, அதே கேபிளை அதே ஆறாவது வாயில் சொருகினேன். இந்தத் தடவை என் நிரலில் தள்ளுகிற விதியை எடுத்துவிட்டு, வருவதை எல்லாம் வந்தபடி திரையில் காட்டச் சொன்னேன். வானம் சுத்தமாக இருந்தது. இடி இல்லை, மழை இல்லை. அப்படியும் பதினொரு துண்டுகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு தேதியின் வால். ஆள் இல்லை, பெயர் இல்லை, தேதியின் கடைசி மூன்று நான்கு எழுத்துகள் மட்டும், ஒரு சாய்கோட்டோடு.

அப்போதுதான் வழிகாட்டியின் மீதிப் பக்கங்களைப் படித்தேன். ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் டிரைவர் ஒரு சின்ன இடம் ஒதுக்கி வைத்திருக்கும். வரி முடிகிறவரை எழுத்துகளை அதில் சேர்த்து வைத்து, முடிந்ததும் மெஷினிடம் கொடுக்கும். அந்த இடம் எண்பது எழுத்து கொள்ளும். திரையின் அகலம் எண்பது எழுத்து. அதற்கு மேல் யார் ஒரு வரி எழுதப் போகிறார்கள் என்று எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருந்த எவனோ நினைத்திருக்கிறான். வரி முடியுமுன் இடம் நிறைந்துவிட்டால் டிரைவர் என்ன செய்யும்? பிடித்து வைத்த எண்பதையும் கீழே கொட்டிவிட்டு, காலியான இடத்தில் மீதியைப் பிடிக்கும். கொட்டியதை யாரிடமும் சொல்லாது. தேவைப்பட்டால் இந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதே பக்கத்தில் ஒரு வரி எழுதியும் வைத்திருந்தான். ஓர் எண்ணை மாற்றி, டிரைவரை மறுபடி கட்டினால் போதும். பத்து நிமிஷ வேலை.

சித்தியின் பெயர் குலசாமியின் முழுப் பெயர். தாத்தாவின் பெயர் அதைவிட நீளம். இரண்டுக்கும் நடுவில், இன்னாருடைய மகள் என்பதற்கான மலாய்க் குறி. பழைய மெஷினின் திரையில் அவள் வரியை எழுத்தெழுத்தாக விரல் வைத்து எண்ணினேன். எண்பத்து நான்கு. பதினொன்றையும் எண்ணினேன். எல்லாம் எண்பதுக்கு மேல். நீளமான பெயருள்ள அப்பனுக்குப் பிறந்து, நீளமான பெயரும் வைக்கப்பட்ட பதினொரு பேரை டிரைவர் கீழே கொட்டியது. அவர்களுடைய தேதியின் வால் மிச்சம் இருந்தது, அதை நான் குப்பை என்று தள்ளினேன்.

பெரிய கிராணியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பழைய பதிவேட்டைப் புரட்டினார். பதினொரு பேரில் நாலு பேர் முன்பே ஓய்வு பெற்றவர்கள், பெயர் மட்டும் நீக்காமல் கிடந்தது என்றார். மீதி ஏழு குடும்பம். ஏழும் போய்விட்டன. பட்டியல் தலைமை ஆபீஸுக்குப் போய்விட்டது, வீடெல்லாம் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, மிஞ்சியதில் புதிதாக வந்தவர்களைக் குடி வைத்துவிட்டார்கள். "நாங்க என்னா தம்பி செய்யிறது," என்று சொல்லிவிட்டு அவர் ஒரு ஃபைலை எடுத்துத் திறந்தார். என் வேலைச் சீட்டு மேலேயே இருந்தது. சோதித்துப் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. என் கையெழுத்து. அவர் அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது எனக்குக் கோபம் வந்தது என் மேல் அல்ல, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஏழு குடும்பத்தின் மேல்தான் வந்தது. ஏழு வீட்டிலும் வாய் இருக்கிறதே. பட்டியலைக் கையில் வைத்திருந்த தண்டலிடம், என் பெயர் எங்கே என்று ஒரே ஓர் ஆள் கேட்டிருந்தால், அவர் கிராணியிடம் கேட்டிருப்பார், கிராணி எனக்குப் போன் போட்டிருப்பார், பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். தூ, என்ன ஜன்மங்கள் என்று காற்றில் திட்டிக்கொண்டே வந்தேன். ஈப்போ எல்லையைத் தாண்டும்போதுதான், மூன்றடி தூரத்தில் இருந்த கிராணியிடம் ஒரு கேள்வி கேட்காத நானும் அந்த வரிசையில் நின்றவன்தான் என்பது உறைத்தது.

தவறு எங்களுடையது, ஏழு குடும்பத்துக்கும் நியாயம் செய்யுங்கள் என்று தலைமை ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடையின் பெயரில் போக வேண்டும் என்பதால் தவுக்கேயிடம் கொடுத்தேன். அவர் முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மடித்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அந்தக் கம்பெனிக்கு இன்னும் மூன்று தோட்டத்தில் மெஷின் வைக்கப் போகிறோம் என்றார், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை நான் மறுபடி எழுதி, என் பெயரிலேயே தபாலில் போட்டிருக்கலாம். சங்கத்துக்குப் போயிருக்கலாம். தொழிலாளர் இலாகாவின் படியேறியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. மற்ற மூன்று தோட்டத்துக்கும் போய்க் கார்டு சொருகினேன், எண்ணைக் கூட்டி வைத்து. அறைக்கு வந்ததும் பாராட்டுக் கடிதத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். கிழிக்கத் துணிச்சல் வரவில்லை. வேறு வேலை தேடினால் காட்ட வேண்டியிருக்குமே.

தெலுக் இந்தானுக்குப் போக இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். மகளும் மருமகனும் செம்பனைத் தோட்டத்தில் கான்ட்ராக்ட் வேலை. பலகை வீடு, பின்னால் தகரம் வைத்து ஒரு சார்ப்பு இறக்கி அதில் சித்தியைப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு வயதில் முதுகு வளைந்திருந்தது. வாசலில் தண்ணீர் டிரம். வாரம் இரண்டு தடவை லோரியில் வந்து ஊற்றுவார்களாம். எனக்கு அதிலிருந்து ஒரு குவளை மொண்டு கோப்பி போட்டாள்.

நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். சொன்னேன். லிஸ்ட்டில் உன் பெயர் இருந்தது சித்தி, மெஷினில் நான் வைத்த ஒன்று அதைத் தவறவிட்டுவிட்டது, நான் கவனிக்கவில்லை என்றேன். டிரைவர் என்றேன். லோரி டிரைவரா என்றாள். இல்லை என்று எண்பது எழுத்தை விளக்கினேன். பெயர் நீளம், அதனால்தான் என்றேன். அவள் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பேரு நீளம்னு வூட்ட புடுங்குவானாடா? மெஷினுக்கு என் மேல என்னா கோவம்?"

"கோவம் இல்ல சித்தி. என் தப்பு."

"நீ சொல்ல வாணாம். எனக்குத் தெரியும்," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா மவன் கையாலதான் லிஸ்ட்டு வருதுன்னு தோட்டம் முழுக்க தெரியும். என் பேரு அதுல வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவான். சித்திக்கு மட்டும் வூடு வாங்கி குடுத்துட்டான்பான். ஒன் வேலைக்கே ஆபத்துலா. அதான் நீயே எடுத்துட்ட. தண்டலு படிச்சு முடிச்சப்பவே எனக்கு வெளங்கிருச்சு. அதான் ஒண்ணும் கேக்காம வந்துட்டேன்."

"நா எடுக்கல சித்தி."

"சரி. எடுக்கல," என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளைக்குச் சொல்லும் "சரி" அது. நான் மறுபடி ஆரம்பித்தேன். ஒரு காகிதத்தை எடுத்து எண்பது கட்டம் போட்டுக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், கோப்பி ஆறுது குடி என்றாள். செய்யாத ஒன்றுக்காக அவள் என்னை எப்போதோ மன்னித்து, அதைத் தன் மனசுக்குள் ஒரு பெருமையாகவும் ஆக்கி வைத்திருந்தாள். நான் செய்ததை அவளுக்கு விளங்க வைக்க என்னால் முடியவில்லை. அவள் எதிரில் அழவும் தகுதி இல்லை என்று தோன்றியதால் குனிந்து கோப்பியைக் குடித்தேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தாள். அங்கே சாமான் பையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், இதே தோட்டத்தில் வேலை செய்கிறவள். இது யார் அக்கா என்று கேட்டாள்.

சித்தி முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "எங்க அக்கா மவன். ஈப்போல கம்ப்யூட்டர்காரன். தங்கமான புள்ள. வூட்டு லிஸ்ட்டு இவன் கையிலதான் இருந்துச்சு, சொந்தச் சித்தின்னு கூட பாக்கல. அவ்ளோ நேர்மை."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, மரியாதையோடு தலையசைத்தாள். பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன்.